பின்பக்க கேட்டில் நீ உட்கார்ந்த நாள்

இன்று காலை பீங்கான் களிமண் கரைசலைச் சல்லடையில் வடித்தேன். தெறித்தது முழங்கை வரை உலர்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. உங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கி ஏறியபோது உன் கால்களும் இப்படித்தான் இருந்தன. நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. நமக்குள் அந்தப் பழக்கம் கிடையாது.

நாம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ முடித்த வருடம் ஒரு பீங்கான் கம்பெனி தன் கழிவை அந்த வாய்க்காலில் விட்டது. உன் அப்பாவின் நாற்றங்காலில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்தது. நான் தண்ணீரைச் சோதித்து, அளவுகளோடு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மூன்று மனு கொடுத்தேன். பதில் இல்லை. "ரிப்போர்ட்ட வாய்க்காலு படிக்குமா, இன்ஜினியரு?" என்றாய். ஆள் சேர்த்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்தாய்.

அது தப்பு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மாட்டியது நடவுக்குப் போகும் பெண்களின் பஸ். "எங்கள மறிச்சா ஒன் வாய்க்காலு தெளிஞ்சிடுமாடி?" என்று ஓர் அம்மா இறங்கி வந்து கத்தினார். கம்பெனி லாரிகள் பின்பக்கச் சாலையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தன. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

மறுநாள் அதே பஸ்ஸில் ஏறிப்போய், அவர்களோடு பொழுது சாயும்வரை குனிந்து நட்டாய். கெடுத்த நாளுக்கு ஈடாக. யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து என்னிடம், "கம்பெனிக்கு எது நின்னா வலிக்கும்?" என்றாய்.

"சரக்கு லாரி."

அடுத்த வாரம் கம்பெனியின் பின்பக்க கேட்டில் நீ உட்கார்ந்தபோது அந்தப் பெண்களும் தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்தார்கள். பஸ்கள் ஓடின. லாரி ஒன்றும் நகரவில்லை. மூன்று மனுவுக்கு அசையாத அதிகாரி மத்தியானத்துக்குள் ஜீப்பில் வந்தார்.

"சும்மா கத்தாதீங்க. ஆதாரம் இருக்குதா?"

எதிர் டீக்கடையில் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்தாய். "யோவ் இன்ஜினியரு, டீய வெச்சிட்டு வா. படிக்க ஆளு வந்துருக்குது."

அந்த மாதமே கழிவுக் குழாயை அடைத்தார்கள். என் காகிதம் மட்டும் அதைச் செய்திருக்காது. வெறும் மறியல் என்றால் சாயங்காலமே கலைத்திருப்பார்கள்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து இருவர் ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். சோதித்துக் கொடுத்தேன். "நாளைக்கு ரோட்ட மறிக்கப்போறோம்ங்க," என்றார்கள். முன்பென்றால் அறிக்கையை நீட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். வண்டிச் சாவியை எடுத்தேன்.

"அந்த ரோட்டுல காலைல யாரு யாரு போறாங்க? மொதல்ல அத பாத்துட்டு வருவோம், வாங்க."