மியூனிக்கில் நாலு ராத்திரிக்கு ஓர் அறை

ஜூலை 18, செவ்வாய்

வெயில். தக்காளிச் செடிகளுக்குக் கம்பு கட்டினேன். ஸ்வீசல் ஊரிலேயே என் தக்காளிதான் பெரிது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பூசணியா போட்டிருக்க?" என்று கேட்டார். வாயால் கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டது.

மதியம் மார்லீஸ் வந்தாள். தங்கை மகள், மருந்துக்கடையில் வேலை. அவள் அம்மா சென்டாவுக்கு இடது கண் போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது வலது கண்ணிலும் புகை படிந்துவிட்டது. யாராவது இறந்தவர் கொடுத்த கருவிழிப் படலம் கிடைத்தால் மியூனிக்கில் ஆபரேஷன். பட்டியலில் பெயர் இருக்கிறது.

"மாமா, எப்ப வேணா கூப்பிடுவாங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல்ல ரூம் போட்டு வைக்கட்டுமா? வேணாம்னா அப்புறம் விட்டுடலாம்."

"மியூனிக்ல எனக்கு ரூம் போடணுமா? முப்பது வருஷம் அந்த ஊர் ஹோட்டல் எல்லாத்துக்கும் பீர் கொண்டு போனவன்டி நான். நான் போய் நின்னா மேனேஜர் நாற்காலியைத் துடைச்சுப் போடுவான்."

"இருந்தாலும்…"

சென்டா பட்டாணி உரித்துக்கொண்டே, "விடுடி, அண்ணன் பாத்துக்கும்" என்றாள்.

பார்த்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கண் மருத்துவமனைக்குப் போய் வந்தோம். டாக்டர் ஹெல்மிக் என்று ஒரு அம்மா. என்னைப் பார்த்ததும் விவரமான ஆள் என்று தெரிந்துகொண்டார். முழுக்க என்னிடமே பேசினார் (சென்டா அப்போது கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதுவும் ஒரு காரணம்).

விஷயம் இதுதான். புதுப் படலத்தைக் கண்ணுக்குள் வைத்து, அது ஒட்டிக்கொள்வதற்காக ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விடுவார்கள். குமிழி மேலே போய்ப் படலத்தை அழுத்தும். அதனால் நாலு நாள் மல்லாந்து படுக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழுந்திருக்கலாம். தினமும் காலையில் டாக்டர் பார்ப்பார். மருத்துவமனையில் படுக்கை கிடையாது. இருபது நிமிடத் தூரத்துக்குள் தங்க வேண்டும்.

"நல்ல வசதியான அறையாப் பாருங்க. நாலு நாள் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும், பாவம்" என்றார் டாக்டர். "அக்டோபர் முதல் வாரம் இருக்கலாம்."

ரயிலில் சென்டா தன் தேவைகளைச் சொன்னாள். கட்டில் உயரம் கூடாது. ஆளுக்கு ஒரு போர்வை. சன்னலைச் சாய்த்துத் திறந்துவைக்க வேண்டும், காற்றில்லாத அறையில் செத்தாலும் படுக்க மாட்டாளாம். காலையில் முட்டை, ஆறு நிமிடம் வெந்தது.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தேன். மியூனிக்கின் வீஸன் பீர்த் திருவிழா எப்போதும் அக்டோபர் முதல் ஞாயிறோடு முடியும். இந்த வருடம் அது ஒன்றாம் தேதி. குடிக்க வந்த கூட்டம் ஞாயிறு சாயங்காலமே மூட்டை கட்டிவிடும். அப்புறம் மியூனிக்கில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆள் தேடுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் கணக்கு யாருக்கு வருகிறது?

செப்டம்பர் 9, சனி

சென்டா காபியை மேசைவிரிப்பில் ஊற்றினாள். கோப்பை இருந்தது ஒரு சாண் தள்ளி. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

செப்டம்பர் 27, புதன்

அழைப்பு வந்துவிட்டது! சிஸ்டர் அனெக்ரெட் பேசினார். படலம் கிடைத்திருக்கிறது. ஆபரேஷன் திங்கள், இரண்டாம் தேதி, காலை ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட வேண்டும், வியாழன் வரை இருக்க வேண்டும்.

"தங்குற இடத்தோட முகவரி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வேணுங்க. இல்லைன்னா நாங்க பட்டியல்ல அடுத்தவங்களைக் கூப்பிடணும். படலம் காத்திருக்காது."

"அதெல்லாம் எப்பவோ தயார், சிஸ்டர்" என்றேன்.

சென்டா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்து உறைக்குள் போட ஆரம்பித்தாள். இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றாள்.

செப்டம்பர் 28, வியாழன்

முதலில் வென்டெலினுக்குப் போன் செய்தேன். ஒரு ஹோட்டலின் பீர் நிலவறையைப் பார்த்துக்கொண்டவன், என் சிநேகிதன். அவன் மனைவி எடுத்தாள். நாலு வருடமாயிற்றாம் அவன் இறந்து.

சரி. மற்ற ஹோட்டல்கள். முதலாவது: இல்லை. இரண்டாவது: இல்லை. ஐந்தாவதில் ஒரு பெண் சிரித்தேவிட்டாள்.

"ஐயா, வீஸன் செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கே?"

"ஞாயித்துக்கிழமை முடியுதும்மா. எனக்கே சொல்லித் தர்றியா?"

"முதல் ஞாயிறு ஒண்ணாம் தேதி வந்தா, மூணாம் தேதி அரசு லீவு வரைக்கும் நீட்டிடுவாங்க ஐயா. நடுவுல திங்கள் ஒரு நாள். அதுக்கும் எல்லாரும் லீவு போட்டுட்டாங்க. ஒரு கட்டில்கூடக் கிடையாது."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாயிரமாம் வருடம். அப்போதும் ஒன்றாம் தேதி ஞாயிறு வந்தது. அப்போதும் இரண்டு நாள் நீட்டினார்கள். அந்த இரண்டு நாளும் பீர்ப் பீப்பாய் ஏற்றி இறக்கி இடுப்பு போனது எனக்குத்தான்! திட்டிக்கொண்டே ஓட்டினேன். அதை எப்படி மறந்தேன்? ஊரில் யார் வேண்டுமானாலும் மறக்கலாம், நான் மறக்கலாமா?

டாக்கௌ, ஃப்ரைசிங் — பக்கத்து ஊர்களையும் கேட்டேன். முப்பது இடம் இருக்கும். இல்லை, பதினாறு.

ஒன்று இங்கே எழுதிவைக்கிறேன், வேறெங்கும் சொல்ல மாட்டேன். நான் ஒரு ஹோட்டலில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. மியூனிக்கின் எல்லா ஹோட்டல்களுக்குள்ளும் போயிருக்கிறேன். நிலவறை வரைக்கும்.

செப்டம்பர் 29, வெள்ளி

பதினொன்றரைக்கு சிஸ்டர் கூப்பிட்டார். "முகவரி சொல்லுங்க."

சொன்னேன். ஸென்ட்லிங் கோட்டைவாசல் பக்கத்து ஹோட்டல், தெரு, கதவு எண், எல்லாம் மனப்பாடம். வாரம் மூன்று தடவை பீர் இறக்கிய கதவு.

"ரொம்ப நல்லது. செவ்வாயிலேர்ந்து தினமும் காலையில எட்டு மணிக்கு வண்டி அங்கேயே வரும்" என்றார்.

பொய் சொல்லிவிட்டேன். இதுவரை நான் சொன்னது எதுவும் பொய் இல்லை, கொஞ்சம் நீட்டிச் சொன்னது. இது வேறு. இது சென்டாவின் கண். அந்தப் படலம் இன்னொருவருக்காவது போயிருக்கும், அதையும் கெடுத்துவிடுவேனோ?

சாயங்காலம் மார்லீஸ் போன். "மாமா, ஹோட்டல் ரசீதை எனக்கு அனுப்புங்க."

"பெரிய இடத்துல ரசீதெல்லாம் கேட்டா அவமானம்மா. வாய் வார்த்தைதான்."

"மாமா…"

"என்னடி?"

"ஒண்ணுமில்லை."

செப்டம்பர் 30, சனி

தக்காளி வாங்கும் ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று சென்டாவிடம் சொல்லிவிட்டு மியூனிக் போனேன். ரயில் முழுக்கத் திருவிழாக் கூட்டம், தோல் நிக்கரும் பூப்போட்ட பாவாடையும். காலை ஒன்பது மணிக்கே பாட்டு.

ஹோட்டல் முன்வாசலில் கேட்டேன். இளைஞன் கணினியைப் பார்க்காமலேயே தலையாட்டினான். அதற்கு மேல் நிற்கக் கூச்சமாக இருந்தது. பின்பக்கம் போனேன். நடைபாதையில் நிலவறைக்கு இறங்கும் அதே இரும்பு மூடி, அதே படி. கால் தானாக இறங்கியது.

கீழே சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண். நின்றாள்.

"அட, பீர்க்காரரு! இன்னும் உயிரோடவா இருக்கீங்க?"

செனாடா. போஸ்னியாவில் சண்டை நடந்தபோது வந்த பெண். இப்போது இங்கே அறைகளுக்கெல்லாம் மேற்பார்வை.

"முதலாளியோட மருமகன் நான், சும்மா பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டறேன்னு சொன்னீங்களே. மூணு வருஷம் நம்பினேன் நான்!"

"அப்ப நீ சின்னப் பொண்ணு."

"இப்ப இல்லை. என்ன வேணும், நேராச் சொல்லுங்க."

ஆரம்பித்தேன். டாக்டர் என்னை எப்படி மதிக்கிறார், மருத்துவமனையே எப்படி என்னை நம்பி… அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஐயா, எனக்கு அறுபது படுக்கை மாத்தணும்."

பிறகு சொன்னேன். தங்கை. ஒரே கண். திங்கள். அறை இல்லை. மருத்துவமனையில் பொய் சொல்லிவிட்டேன். நாலு வரிதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று!

செனாடா வண்டியை விட்டுவிட்டு என்னை மேலே கூட்டிப் போனாள். நூற்றுப் பதினெட்டு. உள்முற்றத்துப் பக்கம். சன்னலைச் சாய்த்தால் சலவையறைக் காற்றாடி இரைகிறது. கூரை விளக்கு பிடுங்கிய நிலையில், டி.வி. இல்லை, அலமாரிக் கதவு ஒன்று கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. திருவிழா முடிந்து ரிப்பேர் செய்வதற்காகப் பூட்டிவைத்த அறை.

"போன மாசம் ஒருத்தர் இருந்துட்டு, குகைக்குள்ள படுத்த மாதிரி இருக்குன்னு எழுதிட்டுப் போனாரு."

"என் தங்கச்சிக்குக் குகைதாம்மா வேணும்."

இல்க்னர் என்ற மேலாளர் பெண்ணிடமும் அதே நாலு வரியைச் சொல்ல வைத்தாள். நான் ஐந்தாவது வரிக்குப் போனபோது என் முழங்கையில் இடித்தாள். இல்க்னர், "நான் டைரக்டரைக் கேக்கணும். நாளைக்கு மதியம்தான் வருவாரு. போன் பண்றேன். வாக்குக் கொடுக்கலை, புரியுதா?" என்றார்.

புரிந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

மார்லீஸ் எங்களை ஸ்டேஷனில் விட்டாள். சென்டா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிடலாமா என்று ஏறும்போது நினைத்தேன், உட்கார்ந்ததும் நினைத்தேன். சொன்னால் திரும்பலாம் என்பாள். திரும்பினால் எல்லாம் முடிந்தது.

பிளாட்லிங்கில் வண்டி மாறினோம். அங்கே பெஞ்சில் இருக்கும்போது இல்க்னர் போன் செய்தார். "நூத்திப் பதினெட்டு உங்களுக்கு. வியாழன் வரைக்கும். விளக்கு இல்லைன்னு அப்புறம் புகார் சொல்லக் கூடாது."

நன்றி சொன்னேன். பெரிய மனிதர்கள் சொல்வதுபோல, சுருக்கமாக.

"சென்டா, மேனேஜரே கூப்பிட்டாங்க. நம்ம ரூம் தயாராம்."

"உன் செல்வாக்கு அப்படி" என்றாள் சென்டா.

அக்டோபர் 2, திங்கள்

ஆறேகாலுக்கு உள்ளே போனாள். பத்து மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள், கண்ணில் மூடி. நன்றாக நடந்தது என்றார்கள். எனக்கு மூன்று காபி கொடுத்தார்கள், எதையும் குடித்த நினைவில்லை.

அக்டோபர் 4, புதன்

மல்லாந்து கிடக்கிறாள். சன்னலைச் சாய்த்துவைத்தேன், காற்றாடி இரைகிறது. "கடல் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்கிறாள். கடலைப் பார்த்ததே இல்லை அவள். பொழுதுபோகட்டும் என்று ஹாம்பர்க் துறைமுகத்தில் நான் கப்பலை நங்கூரத்தோடு தூக்கிய கதையைச் சொன்னேன். செனாடா முட்டை கொண்டுவந்தாள், ஆறு நிமிடம் வெந்தது. கழன்ற அலமாரிக் கதவைப் பார்த்து, "இவரு முதலாளியோட மருமகன்தானே, சரி பண்ணச் சொல்லுங்கம்மா" என்றாள். சென்டா சிரித்தாள். "சிரிக்காத, கண்ணு ஆடும்!" என்று நான் கத்தினேன்.

காலையில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். படலத்தின் ஓரம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதாம். ஒட்டலாம். ஒட்டாமலும் போகலாம். அசையாமல் படுக்கட்டும் என்றார்.

என்னுடைய கட்டிலில் நல்ல மெத்தை. மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை. ஒரு தடவை தலையைத் திருப்பினாலும், "நேரா படு" என்கிறேன். "படுத்துத்தான் இருக்கேன்" என்கிறாள்.

ஜூலையிலேயே மார்லீஸ் சொன்னாள். ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால் போதும்.

அக்டோபர் 5, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓரம் இன்னும் முழுக்க ஒட்டவில்லை, ஆனால் மோசமாகவில்லை. எவ்வளவு தெரியும் என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

அக்டோபர் 20, வெள்ளி

என்ன தெரிகிறது என்று கேட்டேன். "வெளிச்சம்" என்றாள். அதற்கு மேல் கேட்கப் பயம்.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. விறகு அடுக்கினேன். இந்த நோட்டு கீழே சமையலறை மேசையிலேயே இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறது, மேலே தேடிக்கொண்டிருந்தேன்.

எழுதலாம் என்று திறந்தால், அக்டோபர் ஒன்றாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து. பொடி எழுத்து. நானே கண்ணாடி போட்டுத்தான் படித்தேன்.

"பிளாட்லிங் பெஞ்சில் அழுதாயே அண்ணா, அதை ஏன் எழுதவில்லை? எனக்குக் காது கேட்கும். நீ பதினாறு ஹோட்டலுக்குப் போன் பண்ணியதும் கேட்டது."

அவளைப் பார்த்தேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என் நோட்டைப் படிச்சியா?"

"எழுத்தா அது? கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள், திரும்பாமல். "ஆனா தெரிஞ்சுது."

"ஹோட்டல் இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் வந்த?"

"நீதான் தலையணையோட வான்னு சொன்னியே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவளும் கொஞ்சம் நீட்டுகிறாள்.

சரி, எழுதிவைக்கிறேன். பிளாட்லிங்கில் அழுதேன். கொஞ்ச நேரம் இல்லை, அடுத்த வண்டி வரும்வரை.