குப்பைமேனிப் பொடி

ஜனவரி 22, புதன்

ஆய்வகத்தில் அரைக்கும் மெஷின் இன்னும் ரிப்பேர். வீட்டு மிக்ஸியோ பொங்கலன்றே புகைந்துவிட்டது. நிழலில் காயவைத்த குப்பைமேனி இலை பை நிறையக் கிடக்கிறது. "பாதியக் குடு, பட்டறைக்குப் போற வழியில மில்லுல அரைச்சுட்டு வாரேன்" என்று இவர் வாங்கிப் போனார். லேத் பட்டறைக்காரர் கையில் இலைப்பை! தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி நாலு வருடம் ஆனவளுக்கு இது ரொம்பத்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நம்ப முடியவில்லை. புண்ணில் சீழ் வைக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, இலைச்சாற்றில் தோய்த்த காகித வில்லையை அதன் நடுவில் வைத்திருந்தேன். இன்று பார்த்தால் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத வட்டம். பதினெட்டு மில்லிமீட்டர்! ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையிலும் ஊதாக் கரைசல் சட்டென்று நிறம் மாறிவிட்டது.

என் கைடு முத்துமீனா மேடம் ஸ்கேலைப் பிடுங்கி அவரே அளந்தார். "இதான் உன் கடைசி சாப்டர். மே மாசம் நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள தீசிஸைக் குடுத்துரு. இல்லேன்னா புது கைடுகிட்ட மறுபடி அலையணும்" என்றார்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பொண்டாட்டி டாக்டராகப் போறா" என்று அவனியாபுரம் முழுக்கத் தம்பட்டம்.

பிப்ரவரி 19, புதன்

மெஷின் சரியாகிவிட்டது. மீதி இலையை நானே அரைத்து மறுபடி வைத்தேன். எந்தத் தட்டிலும் ஒன்பதைத் தாண்டவில்லை. என் கைதான் சரியில்லையோ?

பிப்ரவரி 21, வெள்ளி

திரும்பவும் ஒன்பது. ஒரே செடி, ஒரே பை – பிறகு ஏன்?

பிப்ரவரி 22, சனி

ரெண்டு பொடிக்கும் அரைத்த இடம்தானே வேறு என்று உறைத்தது. இவரையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில்காரத் தங்கப்பொண்ணு அக்காவுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏத்தா, ஒனக்குத்தானா அது? 'எங்க வீட்டுக்காரிக்கு, நைசா அரைங்க'ன்னு ஒம் புருசன் குடுத்துட்டுப் போனாரு. குளியல் பொடிக்குன்னு நெனச்சேன். வெறும் இலையப் பூசுனா அரிக்குமேன்னு கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். மூஞ்சி நல்லா மினுமினுன்னுதான் இருக்கு!"

"நீங்க எங்க போனீங்க?" என்றேன் இவரிடம்.

"டீ குடிக்க."

அக்காவைக் கோபிக்க முடியுமா? சிரித்துவிட்டேன். வண்டியில் திரும்பும்போது இவர் முதுகில் சாய்ந்து அழுதேன். அந்தப் பதினெட்டு மஞ்சளுக்கும் கிழங்குக்கும் உரியது. என் இலைக்கு ஒன்பதுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சண்டை. "பதினெட்டுன்னே எழுதிப் போடு. யாரு வந்து மில்லுல விசாரிக்கப் போறாக?"

"மஞ்சள் செஞ்ச வேலைய இலை செஞ்சதா எழுதச் சொல்றீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாலு வருசமா நீ நேரத்துக்குத் திங்காம அலையுறது மட்டுந்தான் தெரியும். எல்லாம் என்னால வந்தது."

அதற்குமேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. இம்புட்டுப் பாசத்த வச்சுக்கிட்டு இப்படிப் பேசுனா நான் என்னதான் செய்ய?

பிப்ரவரி 24, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். அழக் கூடாது என்றுதான் போனேன். அழுதேன். துறைத்தலைவர் வரைக்கும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாராம், பாவம். பிறகு, "அந்தப் பொடியில செஞ்சதெல்லாம் செல்லாது. புது இலை பறிச்சு மொதல்ல இருந்து செய்யணும். மேக்குள்ள முடியாது, தெரியும்ல?" என்றார்.

தெரியும்.

பிப்ரவரி 26, புதன்

இவர் பேசுவதில்லை. ஆனால் டிபன் பாக்ஸில் நேரத்துக்குச் சோறு இருக்கிறது. கோபம் என் மேலா, அவர் மேலேயேவா?

மார்ச் 9, ஞாயிறு

அலங்காநல்லூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் இலை பறிக்கப் போனேன். கூப்பிடாமலே இவரும் கூட வந்தார். பூச்சி அரித்ததையெல்லாம் ஒதுக்கினார். பூனைகளுக்குக் குப்பைமேனி என்றால் உயிர். மாடி அறையில் காயப்போட்டதிலிருந்து தெருப்பூனைகளை விரட்டுவதே இவருக்கு வேலை. பூனையைத் திட்டும் சாக்கில் என்னிடமும் பேச ஆரம்பித்துவிட்டார்!

ஜூன் 3, செவ்வாய்

மேடம் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார். புது கைடு பழைய சாப்டர்களையும் திருத்தச் சொல்கிறார். இந்த வருடம் முடியாது. இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஜூன் 14, சனி

பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உதிரிபாகம் செய்து வாங்க வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர், "தங்கச்சி என்ன வேல பாக்குறாக?" என்று இவரிடம் கேட்டார். டாக்டர், கீக்டர் என்று ஆரம்பித்துவிடுவாரோ?

இவர் லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலேஜுல, இலையில மருந்து இருக்கான்னு பாக்குறாண்ணே. இருந்தா இருக்குன்னு எழுதுவா, இல்லேன்னா இல்லேன்னு எழுதுவா. நானே கெஞ்சிப் பாத்துட்டேன், மாத்த மாட்டேன்னுட்டா" என்றார். அந்தக் குரலில் எம்புட்டுப் பெருமை!

கண் நிறைந்துவிட்டது. இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். மனுஷர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து ஊதினார். நானும் கண்ணை அகலத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன்.