பக்கத்துப் பலகையின் விளக்கு

அன்புள்ள வெண்கலத்துக்கு,

நான் நலம். உன் நலத்தை உன் மருமகள் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இனி நீயே சொன்னால்தான் நம்புவேன்.

ஊரையே பேச வைத்துச் சம்பளம் வாங்கியவள் நீ. தொலைபேசி நிலையத்தில் உன் குரலைக் கேட்டுவிட்டு, கேட்ட எண்ணையே மறந்துபோனவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவள், நான் கூப்பிட்டால் "தூங்கறேன்னு சொல்லிடும்மா" என்று மருமகளிடம் சொல்கிறாய். நீ சொல்வது எனக்கே கேட்கிறதடி. மெதுவாகப் பேசத் தெரிந்திருந்தால் உனக்கு ஏன் வெண்கலம் என்று பெயர் வைக்கப் போகிறோம்? அதனால்தான் இந்தக் கடிதம். தூங்குகிறேன் என்று சொல்லி இதைத் திருப்பி அனுப்ப முடியாது.

நீ மகன் வீட்டுக்குப் போனாலும் இங்கே உன் வீடு பத்திரமாக இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் திறந்து காற்றோட விடுகிறேன். பால்கனிச் செடிகளில் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. எது என்று சொல்லமாட்டேன், வந்து பார்த்துக் கோபித்துக்கொள். லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டார்கள். பழுது பார்த்த மறுநாளே நின்றும்விட்டது. சாயங்கால நடை மட்டும் சரியில்லை. பூங்கா வளைவில் மூச்சு வாங்க நீ நிற்பாயே, அங்கே வந்தால் நானும் நின்றுவிடுகிறேன். எனக்கு மூச்சு வாங்குவதில்லை, பழக்கதோஷம். அப்புறம் பக்கத்தில் திட்டுவதற்கு ஆள் இல்லை என்று உறைக்கும், வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் சமூகக் கூடத்தில் மூத்தோர் மாநாடு நடந்தது. 'நலமான முதுமை, சுறுசுறுப்பான முதுமை' என்று வாசலில் பெரிதாகத் துணி கட்டியிருந்தார்கள். குடியிருப்போர் சங்கமும் பக்கத்து மருத்துவமனையும் சேர்ந்து நடத்தியது. வயதானவர்கள் கூட்டத்தில் எனக்கென்ன வேலை என்று இருந்தேன். சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து, "நீங்க வந்தாத்தாம்மா முன்வரிசை களைகட்டும்" என்று ஐஸ் வைத்தார். ஐஸுக்கு உருகாதவள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். போனேன்.

காலையில் வரிசையாகச் சொற்பொழிவு. அதிக நேரம் உட்காரக் கூடாது என்பதை ஒருவர் உட்கார வைத்தே அவ்வளவு நேரம் பேசினார். எனக்குக் கால் மரத்துப்போனது. நடுவில் ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றார். நான் அரைத்தூக்கத்தில் "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. நீ இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துக் கூட்டத்தையே கலைத்திருப்பாய்.

தேநீருக்குப் பிறகு உடற்பயிற்சி மருத்துவர் ஒருத்தி மேடையேறினாள். நமக்கு மகள் மாதிரி, சின்ன வயசு. எடுத்த எடுப்பில், "போன வருஷத்துல யாரெல்லாம் கீழ விழுந்தீங்க? கையைத் தூக்குங்க" என்றாள். ஒரு கை எழவேண்டுமே! எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்குப் புருவத்தில் பெரிய கட்டு. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் கை எழுந்துவிட்டது. நான் எங்கேயும் விழவில்லை, உனக்காகத்தான் எழுந்தது. நிலையத்தில் நம் வழக்கம் நினைவிருக்கிறதா? நீ தேநீருக்கு எழுந்தால், அழைப்பு வந்து உன் இணைப்புப் பலகையில் எரியும் விளக்குக்கும் நானே பதில் சொல்வேன். நான் எழுந்தால் என் விளக்குக்கு நீ. இருக்கை காலி என்பதற்காக ஒரு அழைப்பும் காத்துக்கிடக்கக் கூடாது. அந்தப் பெண் கேட்டது உன்னைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தது. நீ இடத்தில் இல்லை. நான் எடுத்தேன்.

வம்பு அதோடு விட்டதா? "வாங்கம்மா மேடைக்கு" என்று அழைத்துவிட்டாள். விழுந்தது நான் இல்லை, என் சிநேகிதி என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க, வெக்கப்படாதீங்க" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் பாயை விரித்து, "இப்ப விழுந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம், படுங்க" என்றாள். இந்த ஒட்டடைக்குச்சி மேடையில் நெடுக்க விழுந்து கிடந்த காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் படுத்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழேயிருந்து பார்த்தால் நாற்காலிகூட எட்டாத உயரத்தில் இருக்கிறதடி. மகன் வீட்டுக் குளியலறையில் ஆளில்லாத நேரத்தில் நீ விழுந்த அன்று, அவன் வேலையிலிருந்து வரும்வரை இப்படித்தானே கிடந்திருப்பாய். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் குரலும் ஓய்ந்துபோயிருக்கும். இத்தனை நாள் தொலைபேசியில் உன் மருமகள் மூலமாக "எந்திரிச்சு நட, எந்திரிச்சு நட" என்று உன்னை விரட்டினேனே, நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பது அங்கே கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. முதுகு வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் கற்றுக்கொடுத்ததை எழுதுகிறேன், கவனமாகப் படி. விழுந்தால் பதறி எழக் கூடாது. அடிபட்டிருக்கிறதா என்று கைகாலை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். வலி பலமாக இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, குழந்தை மாதிரி மண்டி போட வேண்டும். கனமான நாற்காலிவரை தவழ்ந்து போய், இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். நான் எழுந்துவிட்டேன். மூட்டு இரண்டும் முறுக்குக் கடித்ததுபோல் சத்தம் போட்டன, ஆனால் எழுந்துவிட்டேன். கூடமே கை தட்டியது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. போலீஸ்காரர் கை மெல்ல மேலே போனது. அவர் மனைவி, "கதவு இடிச்சுதுன்னுல்ல சொன்னீங்க!" என்று கத்தியது வாசல்வரை கேட்டிருக்கும். அப்புறம் அங்கொன்று இங்கொன்றாகக் கைகள் எழுந்து, கடைசியில் எழாத கையைத் தேட வேண்டியதாகிவிட்டது. எல்லோருமே விழுந்திருக்கிறோம், வெளியே சொல்லாமல் ஆளுக்கொரு கதவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

முடிந்தபின் அந்தப் பெண்ணைத் தனியே பிடித்து உன் கதையைச் சொன்னேன். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஆனாலும் அவள் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்றேன். அந்தப் பெண், "படுத்தே இருந்தா கால்ல இருக்கற பலமும் போயிடும்மா. விழுந்துடுவோம்னு பயந்து படுத்தாங்கன்னா, அந்தப் படுக்கையே அவங்கள விழ வச்சுடும்" என்றாள்.

அதனால் உன் மருமகளோடு சேர்ந்து ஒரு சதி செய்திருக்கிறேன். உன்னிடம் மறைக்கவில்லை, இதோ சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த கையோடு, உன் மகன் வீட்டுக்கு நான் கூப்பிடுவேன். தொலைபேசி கூடத்து மேசைமேல் இருக்கும். உன் அறையிலிருந்து மேசைவரை இடையிடையே கனமான நாற்காலிகள் போட்டிருக்கும். மருமகள் உன் பின்னாலேயே வருவாள். ஆனால் தொலைபேசியை அவள் எடுக்கமாட்டாள், உன்னிடம் கொண்டுவந்து தரவும் மாட்டாள். பாவம், அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு. திட்டுவதற்காகவாவது எழுந்து வா.

மெதுவாக வா. மணி அடித்து ஓய்ந்தால் மறுபடி கூப்பிடுவேன், எத்தனை தடவையானாலும் கூப்பிடுவேன். எரியும் விளக்கை நீ ஒருநாளும் காக்க வைத்ததில்லை. உன் பலகைக்கு என்னால் முடிந்தமட்டும் பதில் சொல்லிவிட்டேனடி. இந்த ஒரு அழைப்பை மட்டும் உனக்குப் பதிலாக நான் எடுக்க முடியாது, கூப்பிடுவதே நான்தான்.

உன் காலுக்குத் தெம்பும் என் காதுக்கு உன் குரலும் கிடைக்கட்டும்.

மறுமுனையில் காத்திருக்கும்,
உன் ஒட்டடைக்குச்சி