ஃபால்ஸ் தைக்காத சேலை

இன்று காலை ஈக்காட்டுத்தாங்கலில் துணி வெட்டும் பட்டறையிலிருந்து வந்த பண்டலைப் பிரித்தேன். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் கட்டிங் மிஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உன் மேல் எப்போதும் வீசிய வாசனை அதுதான். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வருவாய், அதையும் மீறி அந்த எண்ணெய் வாசனைதான் முதலில் கடைக்குள் நுழையும். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் வந்து உள்பாவாடை கேட்டாள், அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். வந்த வாடிக்கையை வாசலோடு அனுப்பினால் என்ன திட்டு திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். திட்டத்தான் நீ இல்லையே.

முதன்முதலில் உன்னைத் திருடி என்றுதான் எனக்குக் காட்டினார்கள். தி. நகரில் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வருஷக்கணக்காக நின்று, கால் நரம்பு சுருண்டுபோனதும் என்னை நைட்டிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் நிற்கத்தான் வேண்டும். ஒரு பெண் நைட்டி ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், வாங்கவும் மாட்டேன் என்கிறாள், கண் வைத்துக்கொள் என்று சூப்பர்வைசர் காதில் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் வந்து நின்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பயப்படாதக்கா, திருட வர்ல. தையல் பாக்க வந்தேன். இத நாலு தபா தோச்சா வாயப் பொளந்துரும்."

போன மாதம் அந்த லாட் முழுக்க அப்படித்தான் திரும்பி வந்தது என்று நான் மெதுவாகச் சொன்னேன். சம்பளம் கொடுக்கிற கடையைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாதுதான். உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. இருவரும் ஹேங்கர்களுக்கு நடுவே குனிந்து சிரித்தோம்.

நீயே நைட்டி தைத்து வண்டியில் கொண்டுபோய் விற்கிறவள் என்று அன்றுதான் தெரிந்தது. அப்புறம் அடிக்கடி வர ஆரம்பித்தாய். எந்த நிறம் ஓடுகிறது, எது தேங்குகிறது, எந்த அளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேட்பாய். நானும் ஒன்று விடாமல் சொல்வேன். ஒருநாள் திடீரென்று என் காலைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "இவ்ளோ தெரிஞ்சிகினு இங்க இன்னாத்துக்குக்கா நின்னுகினு கீற?" என்று கேட்டாய். எனக்கு எதுவோ தெரியும் என்று அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரிந்துவிடும் என்று நானேதான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போய், பாத்திரம் விளக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

உன் வியாபாரத்தை நினைத்தால் இப்போதும் பொறாமையாக இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் நைட்டி மேல் ஒரு துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் குழாயடிக்கும் கடைக்கும் போகிறோம். ஒரு பூ, ஒரு கட்டம், மேலே கணவனின் ஈரத்துண்டு என்று ஒன்றுக்கொன்று சேராது. அதைத் தினமும் பார்த்தவர்கள் லட்சம் பேர். அதே துணியில் துண்டையும் தைத்து, போனும் சில்லறையும் போட ஆழமாக ஒரு பாக்கெட்டும் வைக்க உனக்குத்தான் தோன்றியது. தெருவுக்குப் போகிற பொம்பளைக்குத் தெருவுக்குப் போகிற நைட்டி வேண்டும் என்பாய். ஸ்கூட்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒல்லியாக நீ. அடையாறு, மந்தைவெளி, திருவல்லிக்கேணி என்று சுற்றுவாய். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஆண்கள் ஊருக்குப் போகும்போது பெண்டாட்டிக்கு வாங்குவார்களாம். அளவு கேட்டால் தெரியாமல் கையைக் காற்றில் விரித்துக் காட்டுவார்களாம். அவர்களைப் போலவே நீ செய்து காட்டியபோது நான் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது.

உன்னைப் பார்த்துத்தான் நானும் வேலையை விட்டேன். சேலைக்குப் பொருத்தமான உள்பாவாடை, அதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஒரு சேலையை ஒருமுறை பார்த்தால் அதன் நிறம் என் கண்ணிலிருந்து போகாது. அபிராமபுரத்தில் ஒரு ஷட்டர் அளவுக்கு இடம் பிடித்துத் தைத்து அடுக்கினேன். முதல் லாட்டிலேயே துவைக்கும்போது சிவப்புச் சாயம் போய் யார் யாருடைய வெள்ளைச் சேலையிலோ ஏறிவிட்டது. கடையை மூடிவிட்டு மறுபடி நிற்கப் போய்விடலாம் என்று அழுதேன். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"சாயம் போறது துணியோட கொணம். உன் கொணம் இன்னான்னு அவங்க பாக்க வேணாமா? ஏறு வண்டில."

வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு போனாய். நான் மன்னிப்புக் கேட்டேன், நீ வேறு பாவாடை எடுத்துக் கொடுத்தாய். திட்ட வாயெடுத்தவர்களே தண்ணீர் கொடுத்தார்கள். அன்று போன வீடுகளில் பாதிப்பேர் இன்னமும் என்னிடம்தான் வாங்குகிறார்கள்.

இவ்வளவு ஊர் சுற்றிய நீ பட்டினப்பாக்கத்தில் மட்டும் ஒரு தெருவுக்குள் போகமாட்டாய். உன் அம்மா மீன் விற்கிற தெரு அது. ஆட்டோ ஓட்டுகிற பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாய் என்று, இவள் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அவர் இறந்த பிறகும் அந்த வார்த்தை அங்கேயே இருந்தது. உன் அம்மாவும் கூப்பிடவில்லை, நீயும் போகவில்லை. மந்தைவெளியில் நீ இருந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒருமுறை எட்டித்தான் பார்த்துவிட்டு வாயேன் என்றதற்கு, எங்கம்மா என்னை வேற்றாள் மாதிரிப் பார்த்துவிட்டால் என்னால் தாங்க முடியாது அக்கா என்றாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஒரு வாரக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நைட்டி தைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், வெள்ளைத்துணி சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. சுமங்கலியாகப் போனவளுக்குத் தாய்வீட்டுக் கோடி விழவேண்டும், பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும், அதன்பிறகுதான் எடுப்பது என்று உன் வீட்டுக்காரரின் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கத்துக்குச் சொல்லியனுப்பி நேரமாகியிருந்தது. யாரும் வரவில்லை. நாழியாகுது, கோடி இல்லாமலே எடுத்துவிடலாம் என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். உன் வீட்டுக்காரர் ஆட்டோ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் துணி போட்டவள் நீ. உனக்கு ஒரு துணி இல்லாமல் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்தேன்.

வாய் தானாக நான் முன்பு நின்ற தி. நகர் கடையைத்தான் சொல்லிற்று. சேலைப் பிரிவில் ஒரு சின்னப்பெண், புதுசு, என்னைத் தெரியாது. ராமர் பச்சையில் அரக்கு பார்டர் கேட்டேன். எடுத்து உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"கட்டப்போறவங்க செவப்பாக்கா, மாநிறமா?"

எத்தனை ஆயிரம் பேரிடம் நான் கேட்டிருப்பேன் இந்தக் கேள்வியை. மாநிறம் என்றேன். அப்படியென்றால் ரொம்ப எடுப்பாக இருக்கும் என்றாள். கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் பட்டை தைக்கக் கொடுக்கவா, பிளவுஸ் துணியைத் தனியாக வெட்டித் தரட்டுமா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். அவள் வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். ஃபால்ஸ் வேண்டாம், வெட்டவும் வேண்டாம் என்றேன். ஃபால்ஸ் இல்லாவிட்டால் நடக்கும்போது தடுக்குமே அக்கா என்றாள். அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், சேலையைச் சத்தமில்லாமல் மடித்துக் கையில் கொடுத்தாள். அலங்காரப்பை போடவில்லை.

திரும்பி வந்து பந்தலுக்குள் நுழைந்ததும் அத்தை என்னை நிறுத்தினார். வியாபாரத்துக்கு வந்துபோகிறவள் என்றுதான் அவருக்கு என்னைத் தெரியும்.

"நீ இன்னா மொற அவளுக்கு?"

"அக்கா."

அத்தை என் கையிலிருந்த சேலையைப் பார்த்தார். கூடப்பிறந்தவளா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழிவிட்டார். சேலையைப் பிரித்து உன்மேல் போர்த்தினேன். வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று நீ சேலையே கட்டமாட்டாய். அந்தப் பெண் சொன்னது சரிதான், உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மடிப்பைச் சரிசெய்தேன், பழக்கதோஷம். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு அம்மா விசாரித்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். இடுப்பில் செருகிய சுருக்குப்பை, கையில் ஒரு துணிப்பை. உன்னுடைய அதே மூக்கையும் நெற்றியையும் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"எம்பொண்ணுக்கு நீ போட்ட சேல இன்னா கலரும்மா?"

சொன்னேன். அதே பச்சையில் என்னிடம் பாவாடைத் துணி இருந்தது, எடுத்துக் காட்டினேன். அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் படியில் உட்கார்ந்து சொன்னார். அன்று அவரும் ஒரு சேலை வாங்கிக்கொண்டு உன் தெருமுனை வரைக்கும் வந்தாராம். எந்த முகத்தோடு உள்ளே நுழைவது என்று அடிபம்பு பக்கத்தில் தயங்கி நின்றாராம். அப்போது யாரோ, அக்காக்காரி வந்து கோடி போட்டாச்சு என்று பேசிக்கொண்டு போனார்களாம்.

"எனுக்கு அவ ஒருத்திதான். எவ அக்கான்னு ரோசன பண்ணேன். சரி, எம்பொண்ணுக்கு வேற ஒரு வூடு கெட்ச்சிகீதுன்னு திரும்பிட்டேன்."

நல்லது செய்கிறேன் என்று நான் ஆட்டோவில் பறந்து வந்திருக்காவிட்டால், இன்னும் அரைமணி நேரம் எல்லோரும் காத்திருந்தால், அவர் உள்ளே வந்திருப்பாரா? உன் முகத்தைப் பார்த்திருப்பாரா? இல்லை, அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பியிருப்பாரா? அவரிடம் சொல்லி அழுதேன். அவர் துணிப்பையை என் மடியில் வைத்தார். மாம்பழ மஞ்சளில் நூல்சேலை, மடிப்புக் கலையாமல். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை, விற்றுவிடு என்றார். போனவளுக்கென்று வாங்கியதை யாருக்கு விற்பது? மேல்தட்டில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் அது விற்பனைக்கு இல்லை என்கிறேன்.

வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் மந்தம். அதனால் வெள்ளிதோறும் என் கடைக்கு வந்து உட்காருகிறார். அந்தச் சேலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் உன்னைப் பற்றி ஒன்று கேட்பார். வண்டி ஓட்ட யார் கற்றுக்கொடுத்தது, நைட்டிக்குப் பாக்கெட் வைக்க எப்படித் தோன்றியது, வீட்டுக்காரன் அடிக்காமல் வைத்திருந்தானா, கோபம் வந்தால் சாப்பிடாமல் கிடக்கிற பழக்கம் போயிற்றா. நான் சொல்வேன். மேன்ஷன் ஆண்கள் கதைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்படியே அழுதார். தான் பார்க்காத உன் வருஷங்களையெல்லாம் என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போகிறார்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாயம் போன கதையையே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். "இத முன்னயே சொல்ட்டியேம்மா" என்றார். கோபமில்லை. எழுந்து போகவும் இல்லை, இன்னும் ஏதாவது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை வெள்ளிக்கிழமை. அதற்காகத்தான் இன்று கடையை அரைநாள் அடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஆரம்பத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தால் மறந்துபோனது ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, மேலே வராதா என்று பார்த்தேன். முழுக்க எழுதிவிட்டேன். எல்லாம் அவரிடம் ஏற்கெனவே சொன்னதுதான். உன் அக்கா என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேனே, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானாடி?