பெட்டிக்குள் வந்த வைஃபை

அன்பு மகன் ரெஜித்துக்கு, மஸ்கட்டில் உன் தங்கச்சி ஜோஸ்னா வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் உன் அப்பாவும் கால் வீக்கம்கூட இல்லாமல் வந்து சேர்ந்தோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். காலையில் ஊரிலிருந்து நம் பக்கத்து வீட்டு ஷீனா அனுப்பிய போட்டோ வந்ததும் உன்னைக் கூப்பிட்டு, வீடு நிக்குது மக்கா என்றேன், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டாய். மீதியைக் கேட்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டால் பாதியில் புகுந்து சண்டை பிடிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், ஜோஸ்னா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

நீ போனில் பார்க்கிற நம்முடைய பொழியூர் வீட்டுக் கேமரா இருண்டு போனதற்குக் கடல் காரணமில்லை, உன் அப்பாதான் காரணம். பேரனுடைய ஞானஸ்நானத்துக்குப் புறப்படும்போது ஜோஸ்னா படித்துப் படித்துச் சொன்னாள், போனும் சார்ஜரும் போதும், பேட்டரி உள்ளதைக் கைப்பையில் வையுங்கள் என்று. இந்த மனுஷன் கேட்டாரா. கடல் ஊருக்குள் ஏறும்போதெல்லாம் பள்ளிக்கூட முகாமுக்கு ஓடி ஓடிப் பழகிய கை, வீட்டைப் பூட்டுவதென்றால் வயர் உள்ள எதையும் விட்டுவைக்காது. நான் கருவாடு பொதிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து மிக்சி, எமர்ஜென்சி விளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே பேட்டரி இருக்கிறது என்று விளக்கை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், இவர் திருவிழாப் பவனியில் மெழுகுதிரி பிடிப்பவரைப்போல அதைப் பிடித்துக்கொண்டே விமானத்தில் ஏறினார்.

இங்கே வந்து இறங்கினால் ஜோஸ்னா முகத்தில் ரத்தமில்லை. காற்றும் மழையும் இல்லாமலே திடீரென்று கரையேறுகிற கள்ளக்கடல், அதற்கு எச்சரிக்கை வந்திருக்கிறது, கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, ஊரில் கரண்ட் போய் ஒருவருடைய போனும் கிடைக்கவில்லை, அண்ணன் விடாமல் கூப்பிடுகிறான் என்றாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், கருவாட்டுக்குப் பக்கத்தில், அவருடைய கைலிக்குள் பத்திரமாகப் பொதிந்து கேமராவுக்கென்று நீ வாங்கி மாட்டிய வைஃபை பெட்டி இருக்கிறது. இதை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டால், வீட்டப் பூட்டி எறங்கினா கறண்டுச் சாமானம் ஒண்ணும் உள்ள கெடக்கப்பிடாது, அது உனக்கும் தெரியுமாக்கும் என்று என்னையே மடக்குகிறார். கேமராவை நீ உயரத்தில் திருகி வைத்தது நல்லதாயிற்று, இல்லையென்றால் அதுவும் மஸ்கட் பார்த்திருக்கும். ஜோஸ்னா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் ஷீனாவின் போட்டோவைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது, நான் கொடியில் மறந்துவிட்டு வந்த துண்டுகூட அப்படியே தொங்குகிறது.

இனி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒவ்வொரு மழைக்காலத்திலும், அந்த வீடு போனா போட்டு, விட்டுட்டு மேல கேறி வாங்க என்று எங்களைத் திட்டுகிறவன் நீ. நாங்கள் இரண்டு பேரும் விமானத்தில் பத்திரமாக இருந்தது உனக்குத் தெரியும், வீட்டுக்குள் ஒரு கோழிகூடக் கிடையாது. பின்னே யாருக்காக மக்கா உறங்காமல் கிடந்து அழுதாய்? இதை வாசித்துக் காட்டியதும் உன் அப்பா எழுந்து போய் வைஃபை பெட்டியைக் கைலியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார், பாவம்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு டியூட்டிக்குக் கம்பளித் தொப்பி இல்லாமல் போகாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஊருக்குப் போனதும் அந்த வைஃபை பெட்டியை மாட்டச் சொல்கிறேன், நீ வீட்டைப் பார்க்கலாம். மேலே கேறி வாங்க என்று இனியும் சொல், பிள்ளை சொல்ல வேண்டியதுதான், நாங்களும் மேட்டில் இடம் பார்க்கிறோம். வீடு போனால் போகட்டும் என்று மட்டும் சொல்லாதே, நான் இனி நம்பமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்
விஜயம்மா