கழற்றி வைத்த விளக்குகள்

அண்ணே,

கருகிய ஒயர் நாற்றம் என் விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று. இன்று காலை என் பைக்கிலிருந்து புகை வரவே, மேனாம்பேட்டில் ஒரு கடையில் நிறுத்தினேன்; டேங்கை இறக்கினார்கள். உள்ளே ஒயர்களுக்கு நடுவில், டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் உருகிக் கறுத்துக் கிடந்தது. மெக்கானிக் அதை வெட்டி என் கையில் வைத்து, "யாரு சார் இந்த வேலைய செஞ்சது? வண்டி பத்திக்காம இருந்ததே உன் நல்ல நேரம்" என்றார்.

நான் சொன்ன பதிலை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "முகப்பேர்ல எங்க ஃபிளாட் கேட் பக்கத்துல முன்னாடி ஒரு மெக்கானிக் இருந்தாரு. அவரு வேலைதான்" என்றேன். கொஞ்சம்கூட வாய் கூசவில்லை, அண்ணே. அவ்வளவு பழகிவிட்டது.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "டிரான்ஸ்பார்மராண்ட கடை போட்டுகினு இருந்தாரே, அவரா? சான்சே இல்ல சார். நானும் அவரும் மின்னாடி ஒரே ஷெட்ல அஞ்சு வருசம் வேல பாத்தோம். ஒயர ஒட்டுனா ஈயம் வெச்சு, மேல பிளாஸ்டிக் ஸ்லீவ் போடாம உடமாட்டாரு. இது எவனோ முறுக்கி டேப்பு சுத்திகீறான். அந்த மனுசன் செத்து எட்டு மாசம் ஆவுது. செத்தவர் மேல பழி போடாத சார்."

நீங்கள் போய்விட்டீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தச் செய்தி என் காதுக்கு வந்த நேரத்தில் நான் உங்கள் மேல் இன்னொரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தேன்.

முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள். வண்டி வாங்கிய புதிதில், "இதுக்கு ரெண்டு ஃபாக் லைட் போட்டா எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டேன். "பாக்க சூப்பரா இருக்கும். பேட்டரிதான் படுத்துக்கும். இந்த வண்டியோட சார்ஜிங் காயில் குடுக்குற கரண்டு அதுக்கே சரியா கீது சார். டிராஃபிக்ல ஊர்ந்துகினு போறவனுக்கு மேல லைட்டு எதுக்கு?" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். பத்தே நாளில் அம்பத்தூரில் ஒரு கடையில் நிறுத்தி, டேங்குக்கு அடியில் அவர்கள் ஒயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்க, இரண்டு விளக்கையும் மாட்டிக்கொண்டேன். நசரத்பேட்டை தாண்டி ஆபீசுக்குப் போகும் சாலையில் சாயங்காலமானால் லாரிப் புழுதி, அதனால்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால் வெறும் பந்தா. ஆபீசில் இன்னொருவன் வண்டியில் இருந்தது. உங்கள் கண்ணில் படாமலிருக்க, அன்று முதல் ஃபிளாட்டின் பின் கேட் வழியாகவே போய்வந்தேன்.

மூன்று வாரத்தில் செல்ஃப் எடுக்கவில்லை. உங்களிடம் வருவதற்கு முன் என்ன செய்தேன் தெரியுமா? பார்க்கிங்கில் உட்கார்ந்து அந்த இரண்டு விளக்கையும் கழற்றி, ஷூ ரேக்கில் பழைய செருப்புகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். திட்டுவீர்களே என்ற பயம். படித்தவன், மாதச் சம்பளக்காரன், சொன்ன பேச்சைக் கேட்காமல் மாட்டிக்கொண்டான் என்று உங்கள் வாயால் கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கௌரவமாம், பெரிய கௌரவம்!

நீங்கள் எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பீர்கள். "எக்ஸ்ட்ரா எதுனா மாட்டினியா சார்?" நான் இல்லை என்றேன். மீட்டரை வைத்தீர்கள், ஆக்சிலேட்டரைத் திருகினீர்கள். பதினான்கு வோல்ட். சரியான அளவில் டாணென்று ஏறி நின்றது. ஏறாமல் என்ன செய்யும், கரண்டைத் தின்கிறவன் இரண்டு பேரும் ஷூ ரேக்கில் அல்லவா இருந்தார்கள்? "சார்ஜிங் சுத்தமா கீது. பேட்டரி வீக்கு போல" என்று பேட்டரியை மாற்றினீர்கள். அன்று மாலையே விளக்குகள் திரும்ப வண்டியில் ஏறின.

அடுத்த மாதமும் அதே கதை. ரெகுலேட்டரை மாற்றினீர்கள். மூன்றாம் முறை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது உங்கள் முகமே சரியில்லை. "இன்னா சார், மறுபடியும் படுத்துகிச்சா?" என்று கேட்டுவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். முன்பக்கக் கம்பி கார்டில், விளக்கு உட்கார்ந்து பெயிண்ட் உரிந்திருந்த இடத்தை விரலால் தடவி, "இது இன்னா மார்க்கு?" என்றீர்கள். கேட்டில் இடித்துவிட்டேன் என்றேன். சிரித்தீர்கள். "டாக்டராண்டயும் மெக்கானிக்காண்டயும் பொய் சொல்லக்கூடாது சார்" என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். "டேங்க எறக்கி உள்ள ஒயர பாத்துடலாமா?" என்று கேட்டபோது, "வேணாம்ணே, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று நான்தான் தடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்.

அந்த முறை வண்டியை மூன்று நாள் நீங்களே வைத்துக்கொண்டு, ஆவடிக்கும் பூந்தமல்லிக்குமாக ஓட்டிப் பார்த்தீர்கள். ஒரு குறையும் இல்லை. "என்னாண்ட இருந்தா ஒயுங்கா ஓடுது, உன்னாண்ட வந்தா படுத்துக்குது. இன்னா மாயம் சார் இது?" என்று தலையைச் சொறிந்தீர்கள். என் மனைவி அன்று ராத்திரிச் சோறு போடும்போது, "அந்த மனுசன்கிட்ட லைட்டு விஷயத்தச் சொல்லித் தொலைங்களேன். பாவமா இருக்கு" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயையும் அடைத்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் கொதித்த காலை நினைவிருக்கிறதா? மறுபடியும் உங்களிடம் கொண்டுவர முந்தின இரவே விளக்குகளைக் கழற்றி வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே வண்டி உறுமக்கூட இல்லை. கடையைத் திறந்துகொண்டிருந்த நீங்கள் ஓடி வந்து, உங்கள் வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, "இத எடுத்துகினு போ சார், கொயந்த மூஞ்ச பாரு" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்தேன். திரும்பி வந்ததும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த பயத்தையும் ஆத்திரத்தையும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல், மறுநாள் எங்கள் ஃபிளாட் வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். "கேட் பக்கத்து மெக்கானிக்கிட்ட யாரும் வண்டி விடாதீங்க. நல்ல பார்ட்ஸ எடுத்துட்டுப் பழச மாட்டுறான்." மாட்டுறான். அந்த 'ன்'னையும் சேர்த்தே எழுதினேன்.

அதன் கீழே கட்டை விரல் குறிகள் வரிசையாக விழுந்தன. எனக்கும் சந்தேகம் இருந்தது என்று ஒருவர் எழுதினார். அப்புறம் எங்கள் ஃபிளாட் வண்டிகள் உங்கள் கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. யாரோ உங்களிடம் அதைக் காட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். சண்டைக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். "நான் எடுக்கல சார்" என்றீர்கள். அவ்வளவுதான். நான் போனைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன். இரண்டு மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டீர்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு ஷேர் ஆட்டோ உரசியதில் விளக்கு இரண்டும் நொறுங்கின; ஒயர் மட்டும் டேங்குக்கு அடியில் அப்படியே கிடந்தது. பேட்டரி அதன்பின் ஒருநாளும் இறங்கவில்லை. எல்லாம் எனக்கு அப்போதே தெரியும், அண்ணே. மூன்று வருஷமாகத் தெரியும். தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நினைப்பேன். பிறகு துவைக்கிற துணி, மகளின் வீட்டுப்பாடம், ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

இன்று மேனாம்பேட்டுக் கடையிலேயே உட்கார்ந்து அந்த மெக்கானிக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார். குரூப்பிலும் எழுதினேன், தப்பு முழுக்க என்னுடையது, அவர் எதையும் எடுக்கவில்லை என்று. பாதிப் பேர் புதிதாகக் குடிவந்தவர்கள். "எந்த மெக்கானிக் ப்ரோ?" என்று ஒரு பதில் வந்தது. பிறகு யாரோ தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார்கள்.

வழி கேட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். அண்ணி கதவைத் திறந்தார்கள். வண்டி என்று நான் ஆரம்பித்ததும், "ஃபிளாட்டு சாரா? சார்ஜ் ஏறாத வண்டி?" என்று அவர்களே கேட்டார்கள்.

"உங்க வண்டியப் பத்திப் பேசாத நாளே கெடையாது சார். 'அந்த சாரு கோவத்துல எய்திட்டாரு, ஆனா பொய் சொல்ற ஆளு கெடையாது. எதுவும் மாட்டலன்னு மூணு தபா சொன்னாரு. எனக்குத்தான் கண்டுபுடிக்கத் தெர்ல'ன்னு சொல்லிகினே இருப்பாரு. இங்க வந்தப்புறம் கரண்டு வேலைன்னா தொடவே மாட்டாரு. என் கை போச்சுன்னு வேற கடைக்கு அனுப்பிடுவாரு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ ரேக் வரைக்கும் சொன்னேன். அழுவார்கள், கதவைச் சாத்துவார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில், "இத அவராண்ட வந்து சொல்லிருக்கலாமே சார்" என்றார்கள். "சிரிச்சிட்டுப் போயிருப்பாரே."

ஆமாம், சிரித்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். திருடன் என்று ஊரெல்லாம் எழுதியவனை நீங்கள் வாய் நிறையத் திட்டியிருந்தால்கூட அந்த வாசலில் என்னால் நிற்க முடிந்திருக்கும். என்னை நம்பினீர்கள். என் வார்த்தையை நம்பி, உங்கள் கையைச் சந்தேகப்பட்டபடியே போய்விட்டீர்கள், அண்ணே.