ஏழாம் வரிசை, கல் இல்லை

அக்டோபர் 11, சனி
பிளசன்டனில் காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில். பையில்: ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர், பழைய டூத்பிரஷ் (பழையது என்று நான்தான் முடிவு செய்தேன், அப்பா இன்னும் தேடுகிறார்), அம்மாவின் கைக்கண்ணாடி. தேய்ந்த கல்லில் கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து அடித்தால் பெயர் எழுந்து வரும்.

இன்று மூன்று கோரிக்கை. எங்கோ இருக்கும் பேத்தி தன் பூட்டனின் கல்லைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று இணையதளத்தில் கேட்பாள். பக்கத்தில் இருப்பவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தேடிப் படமெடுத்துப் போட வேண்டும். சம்பளம் இல்லை, நன்றி உண்டு. அம்மா ஆரம்பித்த பொழுதுபோக்கு. இப்போதும் அவள் கணக்கிலேயே போடுகிறேன். நன்றியும் அவளுக்கே வருகிறது: ‘அன்புள்ள ஜெசிந்தா…’ இறந்து பதினான்கு மாதமாகியும் என்னைவிட அவளுக்குத்தான் மெயில் அதிகம்.

இரண்டு உடனே கிடைத்தது. மூன்றாவது ஒரு ஒஹாயோக்காரியின் பாட்டனார். புல்லுக்கடியில் ஒளிந்திருந்தார். பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட்டேன்.

ஏழாம் வரிசைப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்
தூத்துக்குடியிலிருந்து சித்தி வீடியோவில். அம்மாவின் ஒரே தங்கை. அடக்கத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. கல்லையாவது காட்டு என்று போன வருஷம் தினமும் கேட்டாள். கல்லே இல்லை. புல்லில் குத்திய பிளாஸ்டிக் அட்டை மட்டும். அதனால் பத்தாம் வரிசையில் யாருடையதோ ஒரு பளிங்குச் சம்மனசை, சிறகு வைத்த தேவதூதர் சிலையை, படமெடுத்து, பெயர் தெரியாதபடி வெட்டி அனுப்பினேன். என் குறும்புகளிலேயே சிரிப்பு வராதது இது ஒன்றுதான். சித்தி அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

இன்று: “ஏட்டி, கல்லறைத் திருநாளுக்கு அந்தச் சம்மனசு முன்னால ரெண்டு மெழுகுவத்தி கொளுத்து. எம்பேர்ல ஒண்ணு.”
சரி சித்தி.

ஏன் கல் இல்லை? கிரீன் கார்டு வரட்டும், இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று தெரிந்தால் நன்றாகவே வைக்கலாம் என்பார் அப்பா. கல் இல்லாத கல்லறை வெறும் அறை. வாடகை வீடு மாதிரி.

அக்டோபர் 16, வியாழன்
அப்பாவுக்கு வேலை போய்விட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். வேலையோடு விசாவும் போகும். அறுபது நாளில் வேறு வேலை, இல்லையென்றால் ஊர்.

அறுபதாம் கல்யாணம் தெரியும், இது என்னப்பா அறுபதாம் நாள் என்றேன். சிரித்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“இப்ப கல்லு ஆர்டர் பண்ணலாம்ப்பா.”
“அடிச்சு வர நாலு மாசம் ஆகும்டா. வெக்கிறப்போ நாம இங்க இருக்க மாட்டோம்.”
“அப்ப அம்மா?”
கழுவின தட்டையே மறுபடி கழுவினார்.

அக்டோபர் 25, சனி
மழை. எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. அப்பா பட்டியல் போடச் சொன்னார்.
விற்பது: கார், சோபா, என் சைக்கிள்.
எடுத்துப்போவது: கிரைண்டர், ஆல்பம், கைக்கண்ணாடி.
விட்டுவிட்டுப் போவது:
அப்பா எட்டிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்
நல்ல வெயில். அப்பாவும் நானும் ஏழாம் வரிசையில். நெருப்புக்குத் தடை, அதனால் பேட்டரி மெழுகுவத்தி இரண்டு. இடப்பக்கம் சில்வா, வலப்பக்கம் கார்சியா. நடுவில் அம்மா. அட்டையில் மை வெளுத்துவிட்டது.

சித்தியைக் கூப்பிட்டேன். அந்தச் சம்மனசு அம்மாவுடையது இல்லை என்று சொன்னேன்.

“தெரியும்ட்டி. அக்காவுக்குச் சம்மனசு பொம்மைன்னாலே ஆவாதுல்லா. நீ அனுப்புனன்னுதான் மாட்டிவச்சேன்.”

பிறகு, “சரி, இப்ப நெசத்தக் காட்டு. கிட்டக்க காட்டுட்டி” என்றாள். புல்லைக் காட்டினேன். அப்பா போனைப் பிடித்துக்கொண்டார். நான் பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்துப் புல் மேல் வெயிலைச் சாய்த்து அடித்தேன்.

எழுந்து வர எழுத்து எதுவும் இல்லை.

நவம்பர் 5, புதன்
டிக்கெட் போட்டாயிற்று. டிசம்பர் முதல் வாரம். கல்லுக்கும் இன்று அப்பாவே சொல்லிவிட்டார்; நாங்கள் போன பிறகு வைப்பார்களாம். வைத்ததை யார் பார்த்துச் சொல்வது?

பள்ளிக்கூடம் விட்டு வந்து இணையதளத்தில் என் பெயரில் புதுக் கணக்கு. இத்தனை நாள் தேடிக் கொடுத்தவள், முதல்முறையாகக் கேட்கிறேன். கோரிக்கைப் படிவம்:
பெயர்: ஜெசிந்தா.
உறவு: அந்தப் பெட்டியைக் கடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
குறிப்பு: ஏழாம் வரிசை, சில்வாவுக்கும் கார்சியாவுக்கும் நடுவில். கல் வந்திருக்காவிட்டால் புல்லைப் படம் எடுத்தால் போதும். காலை பத்துக்கு மேல் வெயில் நன்றாக விழும்.

அனுப்பினேன். கல்லறை இருக்கும் ஊரில் தேடித்தரப் பதிந்திருப்பவருக்கு மெயில் தானாகவே போகும். மேஜை மேல் அம்மாவின் பழைய போன் அதிர்ந்தது.

‘அன்புள்ள ஜெசிந்தா, உங்கள் வீட்டருகே ஒரு கல்லறையைத் தேடுகிறார்கள். போய்ப் பார்க்க முடியுமா?’